இந்த ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (புவியியல்) மாணவன்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. படிப்பு வேறு, வாழ்க்கை வேறு என்று எண்ணுவோர் இதனை அடிக்கடி எடுத்துக் காட்டுவர். ஆனால் கறிக்கு உதவும் ஏடுகளும் உண்டு. அவை எங்கோ தொலைவில் இல்லை. நூலகங்களின் கடைசி அலமாரியில், தூசி படிந்து, புரட்டுவாரின்றிக் கிடக்கின்றன. அரசாங்கம் நம் ஊர்களைப் பற்றி எழுதி அச்சிட்ட ஏடுகளே அவை.

ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை பேர் வாழ்கின்றனர், எத்தனை பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், எவ்வளவு நிலம் எந்தத் தண்ணீரில் விளைகிறது, பள்ளிக்கூடம் எங்கே, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பனவெல்லாம் அவற்றில் அச்சேறியுள்ளன. வேடிக்கை என்னவென்றால், எந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்த ஊரார் அந்த ஏட்டைக் கண்ணாலும் கண்டதில்லை! இவ்வேடுகளைத் தேடிப் படிக்கக் கற்பதும், படித்ததை ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதும் அரசுக் கல்லூரி மாணவரின் கடமை. அதற்கு வழி செய்து தருவது கல்லூரியின் கடமை. இதுவே என் கருத்து.

எவை அந்த ஏடுகள்?

முதலாவதாகக் குறிப்பிடத் தக்கது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை நம் நாட்டில் தலை எண்ணப்பட்டு வந்தது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு மட்டும் அந்த ஆண்டில் நடக்கவில்லை. கணக்கெடுப்பு என்றதும், 2011-இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030 என்று போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் செய்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஆனால் 1951 முதல் மாவட்டந்தோறும் ஒரு கணக்கெடுப்புக் கையேடு வெளியிடப்பட்டு வந்திருப்பதைப் பலர் அறியார். அதில் மாவட்டத்தின் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திற்கும் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியில்தான் நம் ஊரின் நிலமும் நீரும் பள்ளியும் பாதையும் அடங்கியுள்ளன.

1961 கணக்கெடுப்பின்போது தலை எண்ணியதோடு நில்லாமல், தேர்ந்தெடுத்த சில கிராமங்களைப் பற்றித் தனித்தனி நூல்களே எழுதினார்கள். திருவிழாக்களையும் சந்தைகளையும் கோயில்களையும் பட்டியலிட்டு வேறு தொகுதிகளும் வெளியிட்டார்கள். இவற்றைப் புள்ளிவிவரம் என்று சொல்வதைவிட நம் பாட்டன் பாட்டியரின் வாழ்க்கைக் குறிப்பு என்று சொல்வதே பொருந்தும்.

இரண்டாவது, மாவட்ட விவரச்சுவடிகள். நெல்சன் என்னும் ஆங்கில அதிகாரி மதுரை நாட்டைப் பற்றி 1868-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1906-இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்டச் சுவடி வந்தது. விடுதலைக்குப் பின் பி.எஸ். பாலிகா தஞ்சை (1957), மதுரை (1960) முதலிய மாவட்டங்களுக்குப் புதிய சுவடிகள் எழுதினார். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திற்கு உரியது 1972-இல் வெளிவந்தது.

மூன்றாவது, பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை வெளியிடும் பருவ, பயிர் அறிக்கையும் புள்ளிவிவரக் கையேடும். காடு, தரிசு, மேய்ச்சல் நிலம், நடப்புத் தரிசு, நிகர சாகுபடிப் பரப்பு என்று நிலத்தை ஒன்பது வகையாகப் பிரித்து, ஆண்டுதோறும் கூடியதும் குறைந்ததும் அவற்றில் காட்டப்படுகின்றன.

நான்காவது, வரைபடங்கள். இந்திய நில அளவைத் துறை 1767-இல் தோன்றியது. 1802-இல் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பேரளவைதான் பின்னர் நாடு முழுவதும் பரவியது. அத்துறையின் இடவிளக்கப் படங்களில், அதாவது நாம் செய்முறை வகுப்பில் டோப்போ ஷீட் என்று சொல்லும் தாள்களில், நீர் நீல நிறத்திலும் மேட்டுக் கோடுகள் பழுப்பு நிறத்திலும் குடியிருப்புகள் சிவப்பிலும் இருக்கும். தேர்வுக்காக அவற்றில் குறிகளைக் கண்டுபிடிக்கிறோம். நம் ஊரை எத்தனை பேர் அவற்றில் கண்டுபிடித்திருக்கிறோம்?

தேடும் வழி

இவற்றைத் தேடுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. அவை தெரியாததால்தான் பலர் ஒரு நாள் போய், வெறுங்கையோடு திரும்பி, "அங்கே ஒன்றும் இல்லை" என்கின்றனர்.

நூலகப் பட்டியலில் எழுதியவர் பெயரைக் கொண்டு தேடிப் பழகியவர்கள் நாம். அரசு ஏடுகளுக்கோ எழுதியவர் அரசாங்கமே! ஆகவே "இந்தியா" என்றும், "தமிழ்நாடு" என்றும், பழைய ஏடாயின் "மதராஸ்" என்றும் தேட வேண்டும். அதன் கீழ்த் துறையின் பெயர் வரும்.

மாவட்டங்கள் பிரிந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்து ஊர் ஒன்றின் 1971-ஆம் ஆண்டு விவரம் வேண்டுமானால், சிவகங்கை என்று தேடினால் அகப்படாது. 1985-இல் பிரியும்வரை அது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. இராமநாதபுரம் மாவட்டமே 1910-இல் உண்டானது. அதற்கு முந்திய செய்திக்கு மதுரைச் சுவடியையோ திருநெல்வேலிச் சுவடியையோதான் நாட வேண்டும்.

அடுத்து, ஊரின் பெயர். கணக்கெடுப்பு ஏட்டில் வருவாய்க் கிராமத்தின் பெயரே இருக்கும். நம்முடையது குக்கிராமமாயின் அது எந்த வருவாய்க் கிராமத்தைச் சேர்ந்தது என்று பட்டாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒரே ஊரின் பெயரை ஆங்கிலத்தில் ஏட்டுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

வரைபடத்திற்கு எண் வேண்டும். நாலு பாகைக்கு நாலு பாகையாக நிலத்தைக் கட்டம் போட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி 58 என்னும் கட்டத்தில் விழுகிறது. அதைப் பதினாறாகப் பிரித்து ஆங்கில எழுத்துகளும், அவற்றுள் ஒவ்வொன்றையும் மீண்டும் பதினாறாகப் பிரித்து எண்களும் இட்டனர். மதுரை நகரம் 58 கே/1 என்னும் தாளிலும், திருச்சி 58 ஜே/9 என்னும் தாளிலும் உள்ளன. இந்தத் தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். 2005-ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுப் பயன்பாட்டுப் படங்களுக்கு எண் முறை வேறு.

வருவாய்த் துறைக் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். கண்டு மலைக்க வேண்டியதில்லை. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால், அந்தப் பசலி ஜூலை முதல் தேதி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். பசலி 1430 என்பது 2020 ஜூலையில் தொடங்கியது.

கல்லூரியில் இல்லையென்றால் பல்கலைக்கழக நூலகம் உண்டு. அங்கும் இல்லையென்றால் சென்னைக் கன்னிமாரா உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களில் ஒரு படி பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அலுவலகப் பயனுக்கு மட்டுமே உரியவை நீங்கலாக, அரசு வெளியிடும் நூல்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அச்சாகாத பழைய கோப்புகளுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

ஒரு கண்மாயின் கணக்கு

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். என் ஊரில் கண்டதையே சொல்கிறேன்.

எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. ஊருக்கு உயிர் ஒரு கண்மாய். என் தந்தையார் கையெழுத்துப் போடக் கற்றதோடு பள்ளியை விட்டு நின்றவர். தாயார் அதுவும் கற்றவரல்லர். கண்மாயின் நீர்ப்பிடிப்பில் வரப்புகள் ஒவ்வொன்றாக முளைத்து, கருவேலங்காட்டுக்கு அப்பால் கட்டடமும் எழும்பியபோது, ஊர்ப் பெரியவர்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். "அந்தப் புளியமரம் வரைக்கும் தண்ணி நிக்கும் தம்பி, நாங்க நீந்தியிருக்கோம்" என்பதுதான் அவர்கள் கையில் இருந்த சாட்சி. "எழுத்து மூலமாக என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்கு அவர்களால் மறுமொழி கூற முடியவில்லை. எழுத்தறியாதவரிடம் எழுத்தைக் கேட்டால் அவர் என்ன செய்வார்?

சென்ற ஆண்டு முழுவதும் சனிக்கிழமைகளில் நான் நூலகங்களுக்குப் போனேன். ஓரிடத்தில், "இதெல்லாம் ஆராய்ச்சி மாணவர்களுக்குத்தான்" என்றார்கள். வேறோரிடத்தில், பதிவேட்டில் நூல் இருந்தது, அலமாரியில் இல்லை. மூன்றாவது இடத்தில் ஒரு நூலக உதவியாளர் தாமே ஏணியில் ஏறி, நூலால் கட்டிய ஐந்து கையேடுகளை இறக்கித் தந்தார். 1971 முதல் 2011 வரையிலான ஐந்து கணக்கெடுப்புகள்! எங்கள் ஊருக்குரிய வரியை ஐந்திலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். கண்மாய்ப் பாசனத்தில் விளைந்த பரப்பு ஏட்டுக்கு ஏடு இறங்கிக்கொண்டே வந்தது. கிணற்றுப் பாசனம் ஏறியது. பிறகு இடவிளக்கப் படத்தில் பார்த்தேன். புளியமரம் நின்ற பக்கம் நீல நிறத்தில்தான் இருந்தது. பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை.

அந்த ஏடுகளைப் புரட்டும்போது இன்னொன்றும் கண்டேன். 2011 கையேட்டில் எங்கள் ஊருக்கு நேரே "எழுத்தறியாதோர்" என்ற கட்டத்தில் ஓர் எண் இருந்தது. அதில் ஒன்று என் தாயார். "ஆறு வயதுக்கு உட்பட்டோர்" என்ற கட்டத்தில் இருந்த எண்ணில் ஒன்று நான். எங்களை எண்ணிய ஏட்டை எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவனும் நானே.

நான் எழுதிய ஒரு பக்கத்தைப் பெரியவர்கள் கிராம சபையில் வைத்தார்கள். நில அளவரைக் கொண்டு கண்மாயின் எல்லையை அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. இன்னும் கல் நடவில்லை. ஆயினும் முன்பு வாய்ப்பேச்சாக இருந்தது இப்போது எழுத்தாகி இருக்கிறது. அதற்குப் பிறகு எவரும் பெரியவர்களைப் பார்த்து "என்ன சாட்சி?" என்று கேட்கவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமன்று. நாட்டின் நீர்நிலைகளை முதன்முறையாக எண்ணி, ஜல் சக்தி அமைச்சகம் 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 1,06,957 நீர்நிலைகள் உள்ளன என்றும், அவற்றுள் 8,366 ஆக்கிரமிக்கப்பட்டுள்ளன என்றும் அது கூறுகிறது. நாடு முழுவதும் ஆக்கிரமிக்கப்பட்டவை என எண்ணப்பட்டவை 38,496. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நம் மாநிலத்தில்! நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் எத்தனை பேரின் ஊர்கள் அந்த 8,366-இல் உள்ளனவோ?

எண்ணையும் ஐயுற வேண்டும்

நிற்க. அச்சில் இருப்பதெல்லாம் வேதம் என்று நான் சொல்ல வரவில்லை. அரசு ஏட்டைப் படிப்பதற்கும் ஒரு விழிப்பு வேண்டும்.

எழுத்தறிவு விகிதத்தை எடுத்துக்கொள்வோம். 1981 வரை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் எழுத்தறியாதோர் என்று கொண்டார்கள். 1991 முதல் ஏழு வயதுக்கு உட்பட்டோரை நீக்கி விகிதம் கணக்கிட்டார்கள். அளவுகோல் மாறியதை அறியாமல் இரண்டையும் ஒப்பிட்டால், முடிவு பிழையாகும். ஓர் ஏட்டில் ஏக்கர், இன்னோர் ஏட்டில் ஹெக்டேர் என்றிருக்கும். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர் என்பதை மறந்தால் பாதிக் கண்மாய் காணாமல் போய்விடும்! மழை பொய்த்த ஆண்டில் பாசனப் பரப்பு குறைவதும் இயல்பே. ஆகவே ஓர் எண்ணை வைத்து முடிவு கட்டாமல், பல ஏடுகளை ஒப்பிட வேண்டும்.

எந்த ஏடு எதற்குச் சாட்சி என்பதும் தெரிய வேண்டும். இடவிளக்கப் படம் கண்மாய் இருந்த இடத்தைக் காட்டும். சர்வே எண்ணின் எல்லையை உறுதி செய்வது வருவாய்த் துறையின் அ-பதிவேடும் புலப்படமுமே. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்களின் பராமரிப்பு அரசின் நீர்வளத் துறையிடமும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது வழக்கம். எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கு முதலில் இது தெரிய வேண்டும்.

மறுப்போர்க்கு ஒரு சொல்

"எல்லாம்தான் கைபேசியிலேயே வந்துவிட்டதே, நூலகம் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். உண்மைதான். பழைய கணக்கெடுப்பு ஏடுகள் பலவும் இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன. நில அளவைத் துறை 2017 முதல் பொதுப் பயன்பாட்டுப் படங்களை இணையம் வழி அளித்தது. பட்டாவையும் அ-பதிவேட்டு விவரத்தையும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஆயினும் ஒன்று கேட்கிறேன். ஏட்டின் பெயரே தெரியாதவன் இணையத்தில் எதைத் தேடுவான்? கடல் போல் விரிந்து கிடந்தாலும் மொண்டு கொள்ளக் குடம் வேண்டாமா? அந்தக் குடத்தைக் கொடுப்பது நூலகமும் ஆசிரியரும்தான். தவிர, இணையத்தில் காண்பது பெரும்பாலும் இன்றைய நிலை. நேற்று எப்படி இருந்தது என்பதற்குப் பழைய பதிப்பைத்தான் தேட வேண்டும்.

"தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டால் போதுமே" என்போரும் உளர். 2005-இல் வந்த அந்தச் சட்டம் நமக்குக் கிடைத்த பெரும் படைக்கலம். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்தவனுக்கே அது பயன்படும். "எங்கள் கண்மாய் விவரம் வேண்டும்" என்று பொதுப்பட எழுதினால் பொதுப்படையான பதில்தான் வரும். பசலி ஆண்டையும், பதிவேட்டின் பெயரையும், சர்வே எண்ணையும் குறிப்பிட்டு எழுதினால்தான் உரிய விடை கிடைக்கும்.

"பாடத்திட்டத்தில் இல்லையே" என்பது கடைசி மறுப்பு. இதற்கு நான் விடை கூறப் போவதில்லை. அவரவர் ஊர்க் கண்மாய் விடை கூறும்.

செய்ய வேண்டுவன

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகும் முன்பு, அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர். வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பதை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாகவே 1931-இல் அவர் வகுத்தார். விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிற மக்கள் நம் மக்கள். அவர்களைப் பற்றிய ஏடுகள் அவர்களுக்கு எட்டாமல் இருப்பது முறையாகுமா?

எனவே, பேராசிரியப் பெருமக்களிடமும் கல்லூரி நிருவாகத்திடமும் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன்.

ஒன்று: நம் நூலகத்தில் அங்குமிங்குமாக உள்ள அரசு ஏடுகளை ஒரே அலமாரியில் சேர்த்து, தமிழில் ஒரு பட்டியல் எழுதி, வாயிலில் மாட்ட வேண்டும். இதற்குப் பெரும் செலவு ஆகாது. நாட்டுநலப்பணித் திட்ட மாணவர்கள் பத்துப் பேர் நான்கு சனிக்கிழமைகளில் செய்து முடிக்கலாம். முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு: முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊருக்குரிய வரியைக் கையேட்டில் தேடி எடுத்து, தமிழில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். இவ்வேடுகளில் பல ஆங்கிலத்தில் உள்ளன. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-இலேயே வந்தும், ஊர்க்காரர் படிக்கத் தக்க தமிழில் அவர்கள் ஊரின் கணக்கு கையில் இல்லை. அந்தக் குறையை நாமே தீர்க்கலாம். ஆண்டுக்கு முந்நூறு மாணவர் எழுதினால், சில ஆண்டுகளில் மாவட்டத்தின் பெரும்பாலான ஊர்களுக்கு ஒரு பக்கம் சேர்ந்துவிடும். புவியியல், பொருளியல், புள்ளியியல், வரலாறு ஆகிய நான்கு துறைகளும் கைகோத்தால் இது கைகூடும்.

மூன்று: மாதம் ஒரு சனிக்கிழமையேனும் சுற்றுப்புற ஊர்மக்கள் நம் நூலகத்துக்கு வந்து இவ்வேடுகளைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்க்கு மாணவர் படித்துக் காட்டலாம். அவர்கள் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரியின் வாசலை அவர்கள் தயங்காமல் மிதிக்க வேண்டாமா?

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். மகன் பட்டதாரியாவான், மகள் உத்தியோகம் பார்ப்பாள் என்று நம் பெற்றோர் காத்திருக்கின்றனர். உத்தியோகம் கிடைக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் அதற்கு முன்னரே, படித்த பிள்ளை என்று ஊர் நம்மை அழைக்கும் அந்தப் பெயருக்கு நாம் செய்யத் தக்க பணி ஒன்று இருக்கிறது. வரும் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பெட்டியில் துணிமணியோடு ஊரைப் பற்றிய ஒரு பக்கத்தையும் எடுத்துச் செல்வோம். திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்போம். சரியென்றும் தவறென்றும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு, ஓரத்தில் குறித்துக்கொள்வோம். ஏடும் ஊரும் அன்று முதன்முறையாகச் சந்திக்கும்.